கால்மாட்டுப் பேச்சு: மூன்று படங்களும் ஒரு தீர்ப்பும்

தலைக்கூத்தல் பற்றி வந்த தமிழ்ப் படங்களைச் சேர்த்து வைத்து ஒரு கட்டுரை எழுதணும்னு ரொம்ப நாளா குறிப்பு எடுத்து வைத்திருந்தேன். தள்ளிப் போனதற்குச் சோம்பல் ஒரு காரணம். இன்னொன்று, என் மாமா கதையைச் சொல்லாமல் அதை எழுதினால் பொய்யாகிவிடும் என்ற உறுத்தல். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மாமா சென்னைத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீடு திருவொற்றியூர். ஒரு நாள் விடியற்காலை பாத்ரூமில் விழுந்தார். மூளையில் ரத்தக்கசிவு. பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் ஐசியூ. கண் சில நேரம் தானாகத் திறக்கும். ஆனால் யாரையும் பார்க்காது. கூப்பிட்டால் திரும்ப மாட்டார். மூச்சு தானாக வந்தது. மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி போனது.

பதினோராம் நாள் டாக்டர் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு எங்களிடம் சொன்னார்: "இனிமே பண்றதுக்கு ஒண்ணும் இல்ல. இங்க வச்சிருந்தா பில்லுதான் ஏறும். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுன்னா சொல்லுங்க, ஏற்பாடு பண்றேன்." அத்தை பதறிப்போய், "சார், வெளிய வந்து பேசுங்க சார், அவர் காதுல விழும்" என்றார். டாக்டர் கோபப்படவில்லை. பொறுமையாகத்தான் சொன்னார்: "அவருக்கு எதுவும் கேக்காதும்மா."

அதற்குப் பிறகு நாங்களும் கட்டிலைச் சுற்றி நின்றே எல்லாவற்றையும் பேசினோம். எப்போது எடுத்துப் போவது, ஆம்புலன்ஸுக்கு எவ்வளவு, யார் யாருக்குச் சொல்வது. இங்கிலீஷில் இருந்த பாரத்தைப் 'படிச்ச பையன்' என்ற முறையில் நான்தான் படித்து மச்சானுக்குச் சொன்னேன். மருத்துவர் ஆலோசனைக்கு மாறாக, எங்கள் சொந்த விருப்பத்தில் அழைத்துப் போகிறோம் என்று அதில் இருந்தது. ஆலோசனை சொன்னதே டாக்டர்தான். மச்சான் கையெழுத்துப் போட்டான். சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

வீட்டில் மூன்று நாள் இருந்தார். நான்காம் நாள் போய்விட்டார். அன்றைக்கு ராத்திரி பந்தலில் கானா பாடினார்கள். அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. பாட்டு முழுக்க மாமாவை நேராகக் கூப்பிட்டுப் பேசியது. அத்தை அழுததும் அப்படித்தான்: "சொல்லாமப் போயிட்டியே." பதினான்கு நாள் மூச்சு விட்டுக்கொண்டு கிடந்த மனுஷனை 'அவர்', 'அவருக்கு', 'பேஷண்ட்' என்று சொல்லிக்கொண்டிருந்த நாங்கள், மூச்சு நின்ற பிறகு 'நீ' என்று பேசினோம்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு விஷயத்தைப் பற்றியதுதான். முடிவு சரியா தப்பா என்பதைப் பற்றியது அல்ல. முடிவு எடுக்கும்போது அந்த மனுஷனோடு பேசினோமா என்பதைப் பற்றியது.

மூன்று படங்கள்

தலைக்கூத்தல் என்றால் என்னவென்று பலருக்குத் தெரிந்திருக்கும். விருதுநகர், மதுரை வட்டாரக் கிராமங்களில் படுத்த படுக்கையான முதியவருக்கு விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் நிறையக் கொடுத்து, குளிரில் விட்டுச் சாவை வரவழைப்பது. கருணை என்று சிலர் சொல்வார்கள், கொலை என்று சட்டம் சொல்லும். ஐந்து வருஷத்துக்குள் இதை வைத்து மூன்று தமிழ்ப் படங்கள் வந்தன.

பிரியா கிருஷ்ணசாமியின் 'பாரம்' 2018-ஆம் ஆண்டுக்கான சிறந்த தமிழ்ப் படத்துக்குத் தேசிய விருது வாங்கியது. இரவுக் காவலாளியாக வேலை செய்யும் கருப்பசாமி விபத்தில் இடுப்பு உடைந்து படுக்கிறார். மகன் அவரைக் கிராமத்துக்குக் கூட்டிப் போகிறான். சில நாளில் அவர் இறந்துபோகிறார். எப்படி என்பதைத் தங்கை மகன் துருவிக் கண்டுபிடிக்கிறான். பலரும் இதை முதியோர் மீதான குற்றத்தைப் பற்றிய படமாகப் பார்த்தார்கள். எனக்கு உறைத்த இடம் வேறு. கருப்பசாமிக்குக் கோமா இல்லை. இடுப்புதான் உடைந்தது, வாய் இல்லை. பேசக்கூடிய, யோசிக்கக்கூடிய ஒருவரைப் பற்றி, அவரை விட்டுவிட்டு வீடு முடிவெடுக்கிறது. படுத்துவிட்டால் போதும், பேச்சிலிருந்து ஆள் நீக்கப்பட்டுவிடுகிறார். பதில் சொல்ல முடியாததால் கேட்கவில்லை என்று நாம் சொல்லிக்கொள்வது முழு உண்மை இல்லை என்பதை இந்தப் படம் காட்டுகிறது. பதில் சொல்ல முடிந்தவரிடமும் நாம் கேட்பதில்லை.

மதுமிதாவின் 'கே.டி. (எ) கருப்புதுரை' 2019-இல் வந்தது. மு. ராமசாமி பெரியவராக நடித்தார். கருப்புதுரை மூன்று மாதமாகக் கோமாவில் கிடக்கிறார். பிள்ளைகள் தலைக்கூத்தலுக்கு நாள் பார்க்கும் நேரத்தில் முழித்துக்கொள்கிறார். அவர்கள் பேசுவது காதில் விழுகிறது. எழுந்து ஓடிவிடுகிறார். அதற்குப் பிறகு குட்டி என்ற சிறுவனோடு ஊர் சுற்றல், பிரியாணி, ஆசைப் பட்டியல். சந்தோஷமான படம், நானும் சிரித்துக்கொண்டேதான் பார்த்தேன். 'அவருக்குக் கேட்டால் என்ன ஆகும்?' என்ற கேள்வியை இந்த மூன்றில் நேராக எடுத்துக்கொண்ட படம் இது மட்டும்தான். ஆனால் எடுத்த வேகத்தில் தப்பித்தும் விடுகிறது. அவர் முழித்துக்கொள்வதால்தான் கேட்டது கணக்கில் வருகிறது. கேட்டும் எழுந்து ஓட முடியாதவருடைய கதை அங்கே இல்லை. அது இருந்தால் நகைச்சுவைப் படம் எடுக்க முடியாது என்பது நியாயம்தான். இன்னொன்றையும் சொல்லணும்: 'உனக்கு என்ன வேணும்?' என்று அந்தக் கிழவரிடம் உட்கார்ந்து கேட்பது ரத்த சொந்தம் இல்லாத ஒரு பொடியன். அந்த இடத்தை எழுதியவருக்கு விஷயம் புரிந்திருக்கிறது.

ஜெயப்பிரகாஷ் ராதாகிருஷ்ணனின் 'தலைக்கூத்தல்' 2023 பிப்ரவரியில் வந்தது. சமுத்திரக்கனி, கோமாவில் கிடக்கும் அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் மகன். மாமனார் வீட்டு நெருக்கடி, கடன், மனைவியின் களைப்பு எல்லாம் நியாயமாகவே காட்டப்படுகின்றன. யாரையும் வில்லனாக்கவில்லை, அது பெரிய விஷயம். படத்தின் துணிச்சல், கிடக்கும் அப்பாவின் மனசுக்குள் போவது. அவருடைய இளமைக் காதல் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது, அந்த இளைஞனாகக் கதிர் நடித்தார். அவர் வெறும் உடம்பு இல்லை என்று படம் சொல்கிறது. சரி. ஆனால் எனக்கு இங்கேதான் ஒரு முரண்பாடு. பார்வையாளரான எனக்கு ஒரு ஜன்னல் திறந்துவிடப்படுகிறது. உள்ளே ஆள் இருக்கிறார் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். மகனுக்குத் தெரியாது. எந்த வீட்டிலும் யாருக்கும் அப்படித் தெரியாது. நிஜத்தில் இந்தப் பிரச்சினையின் கனமே தெரியாமல் இருப்பதுதான். தெரியாத நிலையில் எப்படி நடந்துகொள்வது என்பதுதான் கேள்வி. கேமரா அந்தக் கேள்விக்குக் குறுக்குவழியில் விடை கொடுத்துவிடுகிறது.

மூன்று படங்களும் முடிவு யாருடையது என்று சண்டை போடுகின்றன: மகனுடையதா, மருமகளுடையதா, ஊருடையதா, சட்டத்துடையதா. படுத்திருப்பவரிடம் யார், எந்த வார்த்தையில், எதைச் சொல்லணும் என்பது அந்தச் சண்டைக்கு வெளியே நின்றுவிடுகிறது. அப்புறம், மூன்றுமே தெற்கத்திக் கதை. அதைப் பார்த்துவிட்டு 'அய்யோ, இப்படியும் ஒரு வழக்கமா' என்று வடசென்னையில் உட்கார்ந்து உச்சுக்கொட்டுவது சுலபம். நம்ம பக்கம் எண்ணெய், இளநீர் கிடையாது. அந்த வேலையை இங்கே ஒரு இங்கிலீஷ் பாரமும் ஒரு ஆம்புலன்ஸும் செய்கின்றன. 'டாக்டர் கை விரிச்சுட்டாரு' என்ற மூன்று வார்த்தைக்குள் முழுக்கதையும் அடங்கிவிடுகிறது.

ஒரு தீர்ப்பு

படம் கற்பனை. நீதிமன்றம் நிஜ மனுஷியை வைத்துப் பேசியாக வேண்டும். அதனால் அருணா ஷான்பாக் வழக்கின் தீர்ப்பையும் இந்தக் கண்ணோடு மறுபடி படித்தேன்.

மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் நர்ஸாக இருந்த அருணா 1973 நவம்பர் 27-இல் அங்கேயே ஒரு ஊழியரால் தாக்கப்பட்டார். நாய்ச் சங்கிலியால் கழுத்து நெரிக்கப்பட்டு மூளை சேதமானது. அதன் பிறகு 2015 மே 18-இல் இறக்கும்வரை அதே ஆஸ்பத்திரியில், 41 வருஷத்துக்கும் மேல் கிடந்தார். உணவை நிறுத்த அனுமதி கேட்டு எழுத்தாளர் பிங்கி விரானி உச்ச நீதிமன்றம் போனார். 2011 மார்ச் 7-இல் நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜு, கியான் சுதா மிஸ்ரா அமர்வு அந்த மனுவைத் தள்ளுபடி செய்தது. அதே தீர்ப்பில், உயர் நீதிமன்ற அனுமதியோடு சிகிச்சையை விலக்கிக்கொள்ள வழியும் திறந்தது.

தீர்ப்பு ஒரு காலிப் ஈரடியோடு தொடங்குகிறது. சாவுக்கு ஏங்கி ஏங்கியே செத்துக்கொண்டிருக்கும் ஒருவனின் குரல் அது. இலக்கியமாக நல்ல தொடக்கம். விமர்சகனாக எனக்கு அது பிடிக்கவில்லை. அருணா சாவுக்கு ஏங்கினார் என்று யாருக்குத் தெரியும்? அவர் வாயில் வேறொருவர் குரலை வைத்துவிட்டு, அப்புறம் பல பக்கங்களில் 'அவர் விருப்பம் நமக்குத் தெரியாது' என்று வாதிடுகிறது அந்தத் தீர்ப்பு.

ஆனால் அதே தீர்ப்புக்குள் இன்னொரு அருணாவும் இருக்கிறார். மூன்று மருத்துவர்கள் அவரை நேரில் பரிசோதித்தார்கள். நிரந்தரத் தாவர நிலைக்கான பெரும்பாலான அளவுகோல்கள் பொருந்துகின்றன என்றார்கள். மீனும் கோழி சூப்பும் கொடுத்தால் முகம் மலர்கிறது என்ற விவரமும் அங்கே பதிவாகியிருக்கிறது. நர்ஸுகள் அந்த முகத்தைப் பார்த்து 'வாழ விரும்புகிறாள்' என்றார்கள். பிங்கி விரானி அதே உடம்பைப் பார்த்து 'இது வாழ்க்கையே இல்லை' என்றார். இரண்டு பேரும் அக்கறையோடுதான் சொன்னார்கள். நீதிமன்றம், யாருக்கு அவருக்காகப் பேசும் உரிமை என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, பார்த்துக்கொண்டவர்களுக்குத்தான் என்று தீர்த்தது. நியாயமான தீர்வுதான். ஆனால் அந்த முகத்தை எப்படி வாசிப்பது, வாசித்ததைச் சோதித்துப் பார்க்க முடியுமா என்ற கேள்வி அப்படியே நின்றது.

பிறகு 2018 மார்ச் 9-இல் 'காமன் காஸ்' வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியத்தோடு சாவதும் வாழும் உரிமையில் அடங்கும் என்றது. சுயநினைவோடு இருக்கும்போதே எழுதிவைக்கும் முன் மருத்துவ உயிலுக்கும் அனுமதி கொடுத்தது. முதலில் நீதித்துறை நடுவர் கையெழுத்து வேணும் என்று இருந்ததால் அது ஏட்டில்தான் இருந்தது. 2023 ஜனவரி 24-இல் சுலபமாக்கினார்கள். இப்போது இரண்டு சாட்சி, ஒரு நோட்டரி அல்லது கெஜட்டட் ஆபீசர் போதும். சிகிச்சையை விலக்க ஆஸ்பத்திரியில் ஒரு மருத்துவர் குழு, அதைச் சரிபார்க்க இன்னொரு குழு, முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு. நோயாளி தெரிவிக்கக்கூடிய நிலையில் இருந்தால் அவர் விருப்பத்தை அறிய வேண்டும் என்றும் இருக்கிறது. என் கண் அந்த 'இருந்தால்' மேல்தான் நிற்கிறது. இருக்கிறாரா இல்லையா என்பதை யார், எப்படிப் பார்த்துச் சொன்னார்கள்? 'அவருக்கு எதுவும் கேக்காதும்மா' என்ற ஒரு வரிதான் பெரும்பாலும் அந்தப் பரிசோதனை.

கேட்குமா?

2006-இல் ஏட்ரியன் ஓவன் குழுவினர் 'சயின்ஸ்' இதழில் ஒரு சின்னக் கட்டுரை வெளியிட்டார்கள். தாவர நிலை என்று முடிவு கட்டப்பட்ட ஓர் இளம்பெண்ணை எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் வைத்து, 'டென்னிஸ் ஆடுவதாக நினைத்துக்கொள்', 'உன் வீட்டுக்குள் நடப்பதாக நினைத்துக்கொள்' என்றார்கள். நல்ல நினைவோடு இருப்பவர்களுக்கு மூளையில் எந்தெந்த இடம் வேலை செய்யுமோ, அதே இடங்கள் அவருக்கும் வேலை செய்தன. 2010-இல் 54 பேரைச் சோதித்தார்கள். ஐந்து பேரால் சொன்னபடி மூளைச் செயலை மாற்ற முடிந்தது. அதில் ஒருவர், டென்னிஸ் என்றால் ஆமாம், வீடு என்றால் இல்லை என்ற ஏற்பாட்டில் கேள்விகளுக்குச் சரியாகப் பதிலும் சொன்னார்.

2024-இல் பல மையங்கள் சேர்ந்து செய்த பெரிய ஆய்வு வந்தது. சொல்லுக்கு வெளிப்படையாக எந்தப் பதிலும் காட்டாத 241 பேரில் 60 பேருக்கு, அதாவது நான்கில் ஒருவருக்கு, மூளைப் பதிவில் பதில் தெரிந்தது. இளவயது, விபத்துத் தலைக்காயம், அடிபட்டுப் பல காலம் ஆனவர்கள் ஆகியோரிடம் இது கூடுதலாக இருந்தது. எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக் ஓட்டும் பையன்களை நினைத்துக்கொண்டேன். விழுந்தால் அவர்கள் சேரும் கணக்கு இதுதான்.

என் மாமாவுக்கு இது பொருந்துமா? அநேகமாக இல்லை. அவர் வயது, கசிவின் அளவு, எல்லாம் பார்த்தால் டாக்டர் சொன்னது சரியாகவே இருந்திருக்கலாம். மூளைச்சாவு வேறு என்பதையும் இங்கே சொல்லிவிடணும். 1994 உறுப்பு மாற்றுச் சட்டப்படி, நான்கு மருத்துவர்கள் ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்து உறுதி செய்வது அது. அங்கே கேட்பதற்கு ஆள் இல்லை. கோமாவையும் மூளைச்சாவையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான், கோமாவில் கிடப்பவர் முன்னால் பிணத்தின் முன் பேசுவதுபோல் பேசிவிடுகிறோம்.

'இதெல்லாம் பணக்கார நாட்டு மெஷின், ராயபுரத்துக்கு வருமா' என்று கேட்கலாம். மெஷின் வேண்டாம். 2009-இல் வந்த ஓர் ஆய்வில், வார்டு மருத்துவர்கள் தாவர நிலை என்று சொன்ன 44 பேரை முறையான அளவுகோலை வைத்து மறுபடி பார்த்தார்கள். 18 பேருக்கு நினைவின் அடையாளங்கள் இருந்தன. அந்த அளவுகோலில் ஒரு பகுதி, முகம் பார்க்கும் கண்ணாடியை நோயாளி முகத்துக்கு நேரே பிடித்து மெதுவாக நகர்த்துவது. விரலையோ பேனாவையோ தொடராத கண், சில பேருக்குத் தன் முகத்தைத் தொடர்கிறது. அதற்கு வேண்டியது நடைபாதைக் கடையில் கிடைக்கும் ஒரு கண்ணாடி, அரைமணி நேரம், ஒரே நாளில் முடிவு கட்டாமல் திரும்பத் திரும்பப் பார்க்கும் பொறுமை.

இன்னொன்று, பாஷை. எண்ணூர், மணலி பக்கம் வேலை செய்யும் பீகார், ஒடிசாப் பையன் தலையில் அடிபட்டுக் கிடக்கும்போது 'கையைத் தூக்குப்பா' என்று தமிழில் சொல்லி, தூக்கவில்லை என்று சீட்டில் எழுதினால், அங்கே சோதிக்கப்பட்டது அவன் நினைவா, அவன் தமிழா?

சொல்வதும் கேட்பதும்

தமிழில் 'கேட்பது' என்ற ஒரே சொல், காதால் கேட்பதற்கும் கேள்வி கேட்பதற்கும் பயன்படுகிறது. இந்தப் பிரச்சினையில் இரண்டும் சிக்கிக்கொள்கின்றன. அவருக்குக் கேட்கும் என்று தெரிந்தால், உடனே அவரிடம் கேட்டுவிடலாமே என்று தோன்றும். 'நீங்க சாகணுமா, இருக்கணுமா?' ஆமாம், இல்லை என்று மூளைப் பதிவில் பதில் வந்தால் முடிந்தது.

முடியாது என்று நினைக்கிறேன். ஆமாம், இல்லை என்ற இரண்டு வார்த்தை மட்டும் உள்ள ஒருவரால் எதிர்க்கேள்வி கேட்க முடியாது. 'இன்னும் எத்தனை நாள்?', 'வலி குறையுமா?', 'என் பொண்ணு வந்துட்டாளா?' என்று விசாரிக்க முடியாது. நேற்று சொன்னதை இன்று மாற்ற முடியுமா என்று அவருக்கே தெரியாது. தன் உடம்புக்கு என்ன ஆச்சு என்பதை யாரும் அவரிடம் சொல்லாமலேயே முடிவை மட்டும் கேட்பது என்ன நியாயம்? பதில் வரவில்லை என்றால் அதைச் சம்மதம் என்றும் எடுக்க முடியாது, மறுப்பு என்றும் எடுக்க முடியாது. ஓவன் குழுவினர் ஒரு நோயாளியிடம் கேட்ட கேள்வி 'வலிக்கிறதா?' என்பது. அது நல்ல கேள்வி. ஒரு வார்த்தைப் பதில் போதும், பதிலை வைத்து உடனே ஏதாவது செய்யவும் முடியும். வாழ்வா சாவா என்ற கேள்வியைக் கேட்கவேண்டிய காலம், அவர் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த காலம். மாமாவிடம் அப்போது யாரும் கேட்கவில்லை. 'அபசகுனமா பேசாதே' என்போம்.

ஆக, கேட்பதற்கு இத்தனை தடை உண்டு. சொல்வதற்கு என்ன தடை?

ஒரு நண்பர், ஐசியூவில் வேலை பார்க்கிறவர், இதை மறுத்துப் பேசினார். "கேக்குதுன்னே வச்சுக்க. 'உன்னை வீட்டுக்குக் கொண்டு போறோம், இனிமே வைத்தியம் இல்ல'ன்னு முகத்துக்கு நேரா சொன்னா அது கொடுமை இல்லையா? கத்தக்கூட முடியாத ஆளு." இதை லேசாகத் தள்ள முடியவில்லை, பல நாள் யோசித்தேன். என் பதில் இதுதான்: அவருக்குக் கேட்கும் பட்சத்தில், ஏற்கெனவே கேட்டுவிட்டது. பில் ஏறுவதைக் கேட்டுவிட்டார், ஆம்புலன்ஸ் வாடகையைக் கேட்டுவிட்டார். சொல்வதா வேண்டாமா என்ற தேர்வு நம் கையில் இல்லை. தலைமாட்டில் உட்கார்ந்து அவருக்குச் சொல்வதா, கால்மாட்டில் நின்று அவரைப் பற்றிப் பேசி, ஒட்டுக்கேட்க விடுவதா என்பதுதான் தேர்வு. சொல்ல மனசு வரவில்லையா, அத்தை சொன்னதுபோல் வெளியே வந்து பேசலாம். அந்தப் படிக்காத மனுஷிக்குத் தெரிந்த மருத்துவ நெறி எங்கள் யாருக்கும் அன்றைக்குத் தெரியவில்லை.

இன்னொரு மறுப்பு, பேசினால் வீட்டார் பொய் நம்பிக்கை வளர்ப்பார்கள் என்பது. இது உண்மை. வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள், மாமாவோடு துறைமுகத்தில் வேலை செய்தவர் ஒருத்தர் வந்து, தலைமாட்டில் உட்கார்ந்து, "இன்னாப்பா, ஷிப்டு முடிஞ்சிதா?" என்று ஆரம்பித்து அரைமணி நேரம் பேசினார். எந்த பெர்த்தில் எந்தக் கப்பல், யார் ரிட்டயர் ஆனது, யார் போய்ச் சேர்ந்தது. நடுவில் மாமாவின் இடது கண்ணில் தண்ணீர் வழிந்தது. வீடே அழுதது. கண்ணீர் உணர்வில்லாமலும் வரும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த நண்பர் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை. துண்டால் துடைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேசினார். பதில் வேண்டாமல் பேசுவது எப்படி என்று அன்றைக்குப் பார்த்தேன்.

வீட்டில் இருந்த பேச்சு

இது ஒன்றும் புதுசாகக் கற்றுக்கொள்ள வேண்டியது இல்லை. சாகக் கிடப்பவருக்குப் பால் ஊற்றும்போது "அப்பா, பெரியவன் வந்திருக்கேன், யாருன்னு பாருங்க" என்று காதருகே சொல்லித்தான் ஊற்றுவார்கள். இழுத்துக்கொண்டு கிடந்தால், ஏதோ ஆசை நிற்கிறது என்பார்கள். நிலத்தின் மேல் பிரியமாக இருந்தவருக்கு மண்ணைக் கரைத்து ஒரு சொட்டு, காசின் மேல் பிரியமாக இருந்தவருக்கு நாணயம் கழுவிய தண்ணீர். மூடநம்பிக்கை என்று சிரித்திருக்கிறேன். சாவைச் சீக்கிரமாக்கும் எண்ணமும் அதில் கலந்திருக்கும், அதை மறைக்க வேண்டாம். ஆனால் அந்தச் சடங்கு ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்கிறது: இவருக்கு இன்னும் ஒரு விருப்பம் இருக்கிறது, அது நமக்குத் தெரியாது, இவரை அறிந்தவர்கள் சேர்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கணும். 2018 தீர்ப்பு பல நூறு பக்கங்களில் தேடும் விஷயத்தின் ஒரு நாட்டு வடிவம் அது.

மரண கானாவும் அப்படித்தான். அதை வடசென்னையின் கூத்து, குடி என்று எழுதுபவர்கள் உண்டு. கேட்பவருக்குத் தெரியும், அதன் அடிப்படை இலக்கணம் முன்னிலை. செத்தவரைப் பார்த்து, அவர் பெயர் சொல்லி, அவர் தொழில் சொல்லி, அவரிடமே பேசுவது. நம்மிடம் அந்தத் திறமை ஏராளமாக இருக்கிறது. அதை ஒரு வாரம் தாமதமாகப் பயன்படுத்துகிறோம். ஐசியூ கதவைத் தாண்டும்போது செருப்போடு சேர்த்து அந்த 'நீ'யையும் வெளியே விட்டுவிட்டுப் போகிறோம்.

இந்தப் பொருளில் நாலாவதாக ஒரு படம் யாராவது எடுத்தால், முழித்துக்கொள்ளும் கிழவரும் வேண்டாம், மனசுக்குள் போகும் கேமராவும் வேண்டாம். ஒரு ஐசியூ, பதில் சொல்லாத ஒருவர், தலைமாட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து 'மாமா, நான்தான் வந்திருக்கேன். உங்களுக்கு மூளையில ரத்தம் கசிஞ்சிருக்கு. டாக்டர் இனிமே சரி பண்ண முடியாதுங்கறாரு. நாளைக்கு உங்களை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம். அத்தை கூடவே இருப்பாங்க. வலி இல்லாம பாத்துக்கறோம்' என்று சொல்ல முயலும் ஒருவன். அவனுக்கு அதைச் சொல்ல வருகிறதா இல்லையா என்பதே ஒன்றரை மணி நேரப் படத்துக்குப் போதும்.

மேலே எழுதிய அந்த ஆறு வாக்கியத்தைச் சொல்ல இருபது நொடிகூட ஆகாது. பதினோரு நாளில் எனக்கு அது கிடைத்திருந்தது. சாட்சிக் கையெழுத்துப் போட்ட பேனாவை நர்ஸிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, மாமா பக்கம் திரும்பாமல் பில் கட்டும் வரிசைக்குப் போனேன்.